பழைய மாதிரி ரயில் இன்ஜின்களின் மோட்டார்: பழுது கண்டறிந்து சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

அசல் ரயிலின் சிற்றுருவான பழைய மாதிரி இன்ஜின் ஒன்றை யாராவது கொண்டுவந்து நீட்டும்போது கூடவே ஒரு தீர்ப்பும் வரும்: "மோட்டார் எரிந்துவிட்டது." திறந்து பார்த்தால் பெரும்பாலும் எதுவும் எரிந்திருக்காது. இருபது முப்பது ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்ததில் கிரீஸ் மெழுகுபோல் இறுகியிருக்கும். மோட்டார் அச்சில் இருக்கும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரின் பள்ளங்களில் கரித்தூள் அடைத்திருக்கும். சக்கரங்களில் கறுப்புப் படலம் ஏறியிருக்கும். இந்தச் சிறு மோட்டார்கள் எளிதில் உயிரை விடுவதில்லை. அவற்றின் உயிரை எடுப்பது, பொறுமையில்லாமல் எல்லாவற்றையும் கழற்றிப்போடும் கைதான்.

ஆகவே இங்கே சொல்லப்படும் வரிசை வெளியிலிருந்து உள்ளே போகும். எந்தப் படியில் இன்ஜின் நன்றாக ஓடத் தொடங்குகிறதோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த பாகத்தையும் கழற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆர்வத்தால் கெட்ட இன்ஜின்கள் ஏராளம். அவற்றில் சில என்னுடையவை.

எந்த வகை மோட்டார்?

மேல்கூட்டைக் கழற்றியதும் முதல் வேலை, உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வது. எச்ஓ (1:87), ஓஓ (1:76) அளவு இன்ஜின்கள் இரண்டுமே 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடுபவை. அவற்றில் பெரும்பாலானவை 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில், அதாவது டிசியில், நிலைக்காந்தம் உள்ள மோட்டாரால் ஓடுகின்றன. அந்த மோட்டார் மூன்று உருவங்களில் வரும். முதலாவது திறந்த சட்டக மோட்டார்: ஆர்மேச்சர் (சுழலும் சுருள் பகுதி), காந்தம், பிரஷ் (அதற்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) எல்லாம் கண்ணுக்கு நேராகத் தெரியும். ட்ரை-ஆங் நிறுவனத்தின் இன்ஜின்களில் இருந்த எக்ஸ்04 மோட்டார் இந்த இனத்தைச் சேர்ந்தது. இரண்டாவது, சக்கரச் சட்டத்தோடு பக்கவாட்டில் பொருந்திய தட்டையான வட்ட மோட்டார். பழைய டீசல் மாதிரிகளில் இது மிகுதி. மூன்றாவது, தகர உருளைக்குள் அடைத்த மூடிய மோட்டார். முதல் இரண்டையும் வீட்டு மேசையிலேயே முழுமையாகச் சரிசெய்யலாம். மூன்றாவதைத் திறக்க, மடித்த உலோகக் காதுகளை நிமிர்த்த வேண்டும். அவை இரண்டாம் முறை மடங்கும்போது உடைந்துவிடும். மூடிய மோட்டார் உண்மையிலேயே கெட்டிருந்தால் மாற்றிவிடுவதே சிக்கனம்.

மெர்க்லின், லயனல் போன்ற நிறுவனங்களின் மாறுமின்னோட்ட இன்ஜின்களின் கதை வேறு. அவற்றில் காந்தம் இருக்கும் இடத்தில் கம்பிச்சுருள் இருக்கும். ஐயம் வந்தால் மெல்லிய ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டாரின் சட்டகத்தருகே கொண்டுபோங்கள். மின்சாரம் இல்லாமலேயே இழுத்தால் நிலைக்காந்தம். இழுக்காவிட்டால், பெரும்பாலும் சுருள். இதை முதலிலேயே தெரிந்துகொள்வது முக்கியம். நிலைக்காந்த மோட்டாருக்கு மாறுமின்னோட்டம் கொடுத்தால் அது ஓடாது. நின்ற இடத்தில் உறுமிக்கொண்டே சூடாகும். "எரிந்த மோட்டார்" கதைகளில் உண்மையிலேயே எரிந்த சிலவற்றின் தொடக்கம் அதுதான்.

மேசைக்கு வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர், முதலை வாய்க் கவ்விகள் கொண்ட இரண்டு ஒயர்கள், ஒரு 9 வோல்ட் பேட்டரி, முனை தேயாத சிறு ஸ்க்ரூடிரைவர்கள், சாமணம், பஞ்சுக்குச்சிகள், மரத்தாலான பல்குத்தும் குச்சிகள், ஐசோபுரொபைல் ஆல்கஹால், பிளாஸ்டிக்கைப் பாதிக்காத மெல்லிய எண்ணெய், அதேபோன்ற கிரீஸ், 25 வாட் அளவிலான சால்டரிங் அயர்ன், ஒரு பூதக்கண்ணாடி. மேசையில் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டால் விழுந்த திருகு உருளாமல் கிடக்கும், கண்ணிலும் படும். கழற்றும் ஒவ்வொரு நிலையிலும் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். "இதெல்லாம் நினைவிருக்கும்" என்று நினைப்பவர்களுக்குத்தான் படம் மிகவும் தேவைப்படும்.

ஆல்கஹாலும், லைட்டரில் ஊற்றும் திரவமான நாப்தாவும் தீப்பற்றுபவை. மோட்டாரில் தீப்பொறி பறப்பது இயல்பு. துடைத்த பாகம் முழுதாக உலரும் வரை மின்சாரம் கொடுக்காதீர்கள். நக வண்ணம் நீக்கும் அசிட்டோனும் பெயின்ட் தின்னரும் மாதிரி இன்ஜினின் அருகே வரவே கூடாது. கூட்டின் பிளாஸ்டிக்கையும் சுருள் கம்பியின் பூச்சையும் அவை தின்றுவிடும். இன்ஜினோடு கிடைத்த பழைய மின்கட்டுப்பாட்டுப் பெட்டியின் ரப்பர் ஒயர் விரிசல் விட்டிருந்தால் அதைச் சுவரில் செருக வேண்டாம். இன்ஜினுக்குள் ஓடும் 12 வோல்ட் ஆளை ஒன்றும் செய்யாது. அந்தப் பெட்டிக்குள் இருப்பது வீட்டு மின்சாரம்.

குற்றவாளி மோட்டார்தானா?

தண்டவாளத்தில் வைத்தால் ஓடவில்லை. மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரத்துக்கும், சக்கரத்திலிருந்து தொடுதகட்டுக்கும், அங்கிருந்து ஒயர் வழியாகப் பிரஷ்ஷுக்கும் போய்ச் சேர வேண்டும். இந்த வழியில் எங்கே அறுந்தாலும் மோட்டார் நிற்கும். எனவே வழியைத் தாண்டிக் குதியுங்கள். பேட்டரியின் இரு ஒயர்களையும் நேராக இரு பிரஷ் பிடிப்பான்களிலும் தொடுங்கள். பழைய இன்ஜின்கள் பலவற்றில் ஒரு பிரஷ் சட்டத்தோடு இணைந்திருக்கும். அங்கே ஒரு ஒயரைச் சட்டத்தில் கவ்வினால் போதும்.

மோட்டார் சுழன்றால் அதன்மேல் பழி இல்லை. சக்கர விளிம்பின் கறுப்பை ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். தொடுதகடுகள் சக்கரத்தின் பின்புறத்தை உண்மையிலேயே தொடுகின்றனவா என்று பாருங்கள். ஒயர்களின் சால்டர் மூட்டுகளை மெல்ல இழுத்துப் பாருங்கள். மின்சாரம் எடுக்கும் சக்கரத்தை எஃகுக் கம்பளியால் தேய்க்காதீர்கள். உதிரும் துகள்கள் காந்தத்தைத் தேடி உள்ளே போகும். இவ்வளவு செய்தும் ஓடாவிட்டால், மல்டிமீட்டரில் தொடர்ச்சி சோதிக்கும் ஒலியை வைத்து, சக்கரத்திலிருந்து பிரஷ் வரை ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுக்கொண்டே போங்கள். ஒலி எங்கே நிற்கிறதோ அங்கே பழுது.

மோட்டார் உறுமியும் சுழலவில்லை என்றால் சக்கரத்தைத் தள்ளிப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். மோட்டார் அச்சில் இருக்கும் வோர்ம் எனப்படும் திருகுப் பல், சக்கரத்தின் பல்சக்கரத்தை ஓட்டும். பல்சக்கரத்தால் வோர்மைத் திருப்பி ஓட்ட முடியாது. பலமாகத் தள்ளினால் பிளாஸ்டிக் பல்தான் முறியும். மோட்டார் அச்சையோ வோர்மையோ விரலால் சுழற்றிப் பாருங்கள். கல்போல் நின்றால் கிரீஸ் இறுகியிருக்கிறது. மோட்டாரை இறுக்கும் திருகு பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். அதைத் தளர்த்தி மோட்டாரைத் தனியே எடுத்து, பேட்டரியில் ஓட்டுங்கள். தனியே நன்றாக ஓடி, சட்டத்தில் பூட்டினால் திணறினால், பழுது பல்சக்கரங்களிலோ சக்கரங்களிலோ இருக்கிறது.

இறுகிய கிரீஸை நீக்க, உலோகப் பாகங்களுக்கு நாப்தா ஏற்றது. பிளாஸ்டிக் பல்சக்கரங்களுக்கு வெதுவெதுப்பான சோப்பு நீரும் பழைய பல் துலக்கியும் போதும். நீராவி இன்ஜின்களில் இந்த ஆர்வத்தில் சக்கரங்களை அச்சிலிருந்து பிடுங்கிவிடாதீர்கள். இரு பக்கச் சக்கரங்களின் இணைப்புத்தண்டு ஊசிகளும் ஒன்றுக்கொன்று 90 பாகை விலகி நிற்க வேண்டும். அந்தக் கோணம் சற்றே பிசகினாலும் தண்டுகள் இறுக்கிப் பிடிக்கும். மறுபடி சரியாக அமைக்கத் தனிக் கருவி வேண்டும்.

ஓட்டமே சொல்லும்

மோட்டார் ஓடுகிறது, ஆனால் சரியாக ஓடவில்லை என்றால் மேலும் கழற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா கவனியுங்கள். இந்த ஐந்து நிமிடம் ஒரு மணி நேர வேலையை மிச்சப்படுத்தும்.

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரே ஒருமுறை 'டொக்' என்று இடித்தால் அது மோட்டாரின் வேலை இல்லை. மோட்டார் பல சுற்றுகள் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். சக்கரத்தின் தாளத்தில் வரும் இடிப்பு, சக்கர அச்சில் இருக்கும் பல்சக்கரம் பிளந்ததால் வருவது. உலோக அச்சில் இறுக்கிச் செருகிய பிளாஸ்டிக் பல்சக்கரம் வயதாகிச் சுருங்கும்போது, இரண்டு பற்களுக்கு நடுவே நூலிழைபோல் பிளக்கும். பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாது. ஒட்டுவதில் பயன் இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

தட்டிவிட்டால்தான் கிளம்புகிறது, நின்றால் எப்போதும் ஒரே நிலையில் நிற்கிறது என்றால் ஆர்மேச்சரின் ஒரு சுருள் அறுந்திருக்கலாம் அல்லது கம்யூட்டேட்டரின் ஒரு துண்டு அழுக்கால் மூடியிருக்கலாம். பிரஷ் அருகே சிறு நீலப் பொறி இயல்பு. கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் அறுந்த சுருள் அல்லது பள்ளங்களில் அடைத்த கரி. முன்னே நன்றாகப் போய்ப் பின்னே திணறினால் அச்சின் முன்பின் ஆட்டத்தைப் பாருங்கள்: ஒரு திசையில் வோர்ம் அச்சை முன்னே தள்ளும், மறு திசையில் பின்னே இழுக்கும். இடையில் இருந்த மெல்லிய வாஷர் தொலைந்திருந்தால் ஆர்மேச்சர் எதிலாவது போய் உரசும். கீச்சென்ற அலறல் உலர்ந்த பேரிங்.

விந்தையான அறிகுறி ஒன்று உண்டு: இன்ஜின் வெறுமையாக முன்பைவிட வேகமாக ஓடும், இரண்டு பெட்டிகளை மாட்டினால் நின்றுவிடும், மோட்டாரும் சூடாகும். வேகமாக ஓடுவதால் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் அது காந்தம் சோர்ந்துவிட்டதன் அடையாளம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கம்யூட்டேட்டர்

பழைய மோட்டாரில் ஒரே ஒரு இடத்தைத்தான் சுத்தம் செய்யலாம் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆர்மேச்சர் அச்சில் இருக்கும் செம்புத் துண்டுகளின் வளையம் இது. சில மோட்டார்களில் உருளையாகவும், சிலவற்றில் தட்டையான வட்டாகவும் இருக்கும். மூன்று துண்டுகள், அல்லது ஐந்து. துண்டுகளுக்கு இடையே நூல்போன்ற பள்ளம். பிரஷ் தேயும்போது உதிரும் கரித்தூள், யாரோ தாராளமாக ஊற்றிய எண்ணெயோடு குழைந்து, அந்தப் பள்ளத்தில் கருமையான பசையாகச் சேரும். கரி மின்சாரத்தைக் கடத்தும். எனவே சுருளுக்குப் போக வேண்டிய மின்னோட்டத்தின் ஒரு பங்கு, பள்ளத்தைக் கடந்து பக்கத்துத் துண்டுக்குத் தாவி வீணாகிறது. மோட்டார் சூடாகும், சோர்ந்து ஓடும், பொறி பறக்கும்.

ஆர்மேச்சரைக் கழற்றாமலேயே சுத்தம் செய்யலாம். பஞ்சுக்குச்சியில் ஆல்கஹால் தொட்டு, செம்பின்மேல் வைத்து, அச்சை விரலால் மெல்லச் சுழற்றுங்கள். முதல் குச்சி கரிப்பானைத் துடைத்ததுபோல் வரும். குச்சி ஓரளவு வெளுப்பாக வரும் வரை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு பல்குத்தும் குச்சியின் முனையைச் சீவிக் கூராக்கி ஒவ்வொரு பள்ளத்தையும் கீறி எடுங்கள். ஊசியும் பிளேடும் வேண்டாம். செம்பின் ஓரத்தில் பிசிறு எழும்பும், அந்தப் பிசிறு பிரஷ்ஷை அரம்போல் அராவும். கடைசியாக உலர்ந்த பஞ்சால் ஒரு துடைப்பு.

செம்பு இளஞ்சிவப்பாகப் பளபளக்க வேண்டும் என்பதில்லை. மெல்லிய பழுப்பு நிறம், வழவழப்பான பரப்பு என்றால் அது ஆரோக்கியமான கம்யூட்டேட்டர். கறுத்துக் கருகிய இடத்துக்குப் பென்சில் அழிப்பான் போதும். உப்புத்தாளைப் பிரஷ் ஆழமாகத் தடம் வெட்டியிருந்தால் மட்டும், அதுவும் 2000 எண் அளவு நுண்மையானதை, ஆர்மேச்சரைச் சுழற்றியபடி வட்டமாகப் பிடியுங்கள். பிறகு பள்ளங்களை மறுபடி சுத்தம் செய்யுங்கள். எமரித்தாளைத் தவிருங்கள். அதன் கடினத் துகள்கள் செம்பில் புதைந்து, பிரஷ்ஷைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

பிரஷ்ஷும் ஸ்பிரிங்கும்

பிரஷ்ஷை எடுப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங் பறக்கும். அறையில் எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் பறந்த ஒரு ஸ்பிரிங்கை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதிலிருந்து, இன்ஜினையும் இரு கைகளையும் பெரிய ஒளிபுகும் பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டுதான் பிரஷ் மூடியைத் திறக்கிறேன். பார்க்க வேடிக்கையாக இருக்கும், பறந்தது பைக்குள்ளேயே கிடக்கும்.

இடப்பக்கப் பிரஷ்ஷை இடப்பக்கமும் வலப்பக்கப் பிரஷ்ஷை வலப்பக்கமும் தனித்தனித் தாள்களில் வையுங்கள். எந்த முகம் மேலே இருந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் தன் பக்கத்துச் செம்பின் வளைவுக்கேற்பத் தேய்ந்திருக்கும். மாற்றிப் போட்டால் அந்தப் பொருத்தம் கெடும். நீளம் அகலத்தைவிடக் குறைந்துவிட்டால் ஸ்பிரிங் அதைப் போதிய விசையோடு தள்ளாது, புதியது போடுங்கள். எண்ணெயில் ஊறிய பிரஷ்ஷை நாப்தாவில் ஊறவைத்து உலர்த்திப் பயன்படுத்தலாம், ஆனால் மாற்றுவது மேல். பழைய மெர்க்லின் தட்டை வட்டு மோட்டார்களில் ஒரு பிரஷ் கரியாகவும் மற்றொன்று செம்பு வலையாகவும் இருக்கும். ஒன்று தவறானது என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள், அது அப்படித்தான்.

ஸ்பிரிங் மென்மையாகத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். வலுவாகத் தள்ளினால் நல்லது என்று நினைத்து இழுத்து நீட்டுவார்கள். பிரஷ் விரைவில் தேயும், உரசல் கூடும், மோட்டார் மெல்ல ஓட மறுக்கும். மிகத் தளர்வாக இருந்தால் பிரஷ் துள்ளும், பொறி பறக்கும். ஒருமுறை அதிகமாகச் சூடேறிய ஸ்பிரிங் தன் முறுக்கை இழந்துவிடும். அதை வளைத்து நிமிர்த்துவதால் நிலையான பயன் இல்லை.

எக்ஸ்04 வகை மோட்டார்களில் இரு பிரஷ்களையும் ஒரே கொண்டை ஊசி வடிவ ஸ்பிரிங் இரு பக்கமும் அழுத்துகிறது. அதன் ஒரு காலில் மட்டும் மின்காப்பு உறை செருகியிருக்கும். சட்டத்தோடு சேராத பிரஷ்ஷின் பக்கம் அந்த உறை இருக்க வேண்டும். உறை தொலைந்தாலோ மறுபக்கம் மாறிப்போனாலோ, தண்டவாளத்தில் வைத்த கணமே ஷார்ட். சுத்தம் செய்த பிறகு "முன்பு ஓடியது, இப்போது ஷார்ட் ஆகிறது" என்றால் முதலில் இந்த உறையைப் பாருங்கள். உறை சரியாக இருந்தும் ஷார்ட் என்றால், மோட்டாருக்குக் குறுக்கே சால்டர் செய்திருக்கும் சிறு மின்தேக்கியின் ஒரு காலை விடுவித்துச் சோதியுங்கள். வானொலி இரைச்சலைத் தடுக்க வைத்தது அது. மோட்டார் ஓடுவதற்கு அது தேவையில்லை.

ஆர்மேச்சரை அளப்பது

இதுவரை செய்தும் ஓட்டம் திருந்தவில்லை என்றால் இப்போதுதான் மீட்டரின் வேலை. முதலில் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் சிறு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு அளவிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும். பிரஷ்களை எடுத்துவிட்டு, மீட்டர் முனைகளை நேராகச் செம்புத் துண்டுகளில் வையுங்கள்.

மூன்று துண்டு ஆர்மேச்சரில் மூன்று சுருள்கள் முக்கோணமாக இணைந்திருக்கும். எந்த இரண்டு துண்டுகளைத் தொட்டாலும் ஒரே அளவு வர வேண்டும். எடுத்துக்காட்டாக ஒவ்வொரு சுருளும் 15 ஓம் என்று வைத்துக்கொள்வோம். தொட்ட இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒரு சுருள் 15 ஓம், மறு வழியில் இரண்டு சுருள்கள் சேர்ந்து 30 ஓம்; இரண்டும் இணையாக இருப்பதால் மீட்டர் 10 ஓம் காட்டும். மூன்று இடத்திலும் 10 என்றால் ஆர்மேச்சர் நலம்.

ஒரு சுருள் அறுந்திருந்தால் அளவுகள் 30, 15, 15 என்று வரும். ஒன்று மற்ற இரண்டைப்போல் இருமடங்கு. வேறு எந்தக் குறையும் இப்படிக் காட்டாது. ஒரு சுருள் முழுதும் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தால் ஒன்று சுழியத்தை ஒட்டியும், மற்ற இரண்டும் 7.5 ஓம் அளவிலும் இருக்கும். சுருளின் ஒரு பகுதி மட்டும் கருகியிருந்தால் ஒரு அளவு மற்றவற்றைவிடச் சற்றுக் குறைவாக வரும். ஐந்து துண்டு ஆர்மேச்சரில் அடுத்தடுத்த துண்டுகளை வட்டமாக அளந்துகொண்டே வாருங்கள். ஐந்தும் ஒத்திருக்க வேண்டும்.

அடுத்து, ஒரு முனையை ஆர்மேச்சரின் இரும்பு அச்சில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு துண்டிலும் தொடுங்கள். எதிலும் இணைப்பு இருக்கக் கூடாது. இருந்தால் சுருள் கம்பியின் எனாமல் உரிந்து இரும்பைத் தொடுகிறது.

அறுந்த சுருள் என்று தெரிந்ததும் மனம் தளர வேண்டாம். பெரும்பாலும் கம்பி அறுவது சுருளின் நடுவில் இல்லை. செம்புத் துண்டின் காதில் சால்டர் செய்த இடத்தில்தான். பூதக்கண்ணாடியில் பாருங்கள். முனை தெரிந்தால், எனாமலை மெல்லச் சுரண்டி, ஒரு துளி சால்டரை விரைவாக வைத்து ஒட்டுங்கள். அயர்ன் இரண்டு வினாடிக்கு மேல் அங்கே இருக்கக் கூடாது. செம்புத் துண்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் இளகி, துண்டு நகர்ந்துவிடும். கம்பி எட்டவில்லை என்றால் ஒரே ஒரு சுற்றை அவிழ்த்துக்கொள்ளலாம்.

உள்ளே கருகிய சுருள் என்றால் மறுபடி சுற்ற வேண்டும். பழைய கம்பியை அவிழ்க்கும்போதே சுற்றுகளை எண்ணுங்கள், சுற்றிய திசையை வரைந்துகொள்ளுங்கள், கம்பியின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து அதே அளவு எனாமல் கம்பி வாங்குங்கள். மூன்று சுருள்களையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று மட்டும் புதிது என்றால் எடையும் தடையும் ஒத்துப்போகாது, மோட்டார் அதிரும். அரிய இன்ஜின் என்றால் இந்த உழைப்புக்குப் பொருள் உண்டு. சாதாரண இன்ஜின் என்றால் நல்ல ஆர்மேச்சர் உள்ள இன்னொரு பழைய மோட்டாரைத் தேடுவது புத்திசாலித்தனம்.

சோர்ந்த காந்தம்

ஆர்மேச்சரை வெளியே எடுப்பதைக் கடைசி வரை தள்ளிப்போட வேண்டியதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. பழைய மோட்டார்களின் காந்தம் பெரும்பாலும் அல்னிக்கோ: அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு சேர்ந்த கலவை, 1930களில் வந்தது. அதன் வலு, காந்தப்புலம் இரும்பு வழியாக மூடிய வட்டமாகச் சுற்றிவரும் வரைதான். நடுவிலிருக்கும் இரும்பு ஆர்மேச்சரை உருவிய கணத்தில் அந்த வட்டம் அறுகிறது. காந்தம் தன் வலுவில் ஒரு பங்கை இழக்கிறது, திரும்பச் செருகினாலும் இழந்தது வராது. எடுத்தே ஆக வேண்டும் என்றால், எடுப்பதற்கு முன் காந்தத்தின் இரு முனைகளையும் இணைக்கும்படி ஒரு கனமான இரும்புத் துண்டை வைத்துவிடுங்கள்; வேலை முடிந்து ஆர்மேச்சர் உள்ளே போன பிறகே அதை நீக்குங்கள். கறுப்பான ஃபெரைட் காந்தங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

காந்தம் சோர்ந்தால் மோட்டார் ஏன் வேகமாக ஓடுகிறது? சுழலும் ஆர்மேச்சர் தானே ஒரு சிறு ஜெனரேட்டராகி, வரும் மின்னழுத்தத்துக்கு எதிராக ஒரு மின்னழுத்தத்தை எழுப்புகிறது. அதுதான் வேகத்துக்கும் மின்னோட்டத்துக்கும் கடிவாளம். காந்தம் தளர்ந்தால் கடிவாளமும் தளர்கிறது. அதே எதிர்ப்பை எழுப்ப மோட்டார் இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கிறது. மின்னோட்டம் கூடுகிறது, இழுவை குறைகிறது, எல்லாம் சூடாகப் போகிறது.

இதை அளந்தே உறுதிசெய்யலாம். மீட்டரை ஆம்பியர் நிலையில், 10 ஆம்பியர் துளையில் செருகி, மோட்டாருக்குத் தொடராக இணைத்து 12 வோல்ட்டில் ஓட்டுங்கள். திறந்த சட்டக மோட்டார் சுமையின்றிக் கால் ஆம்பியரை ஒட்டி எடுத்தால் நலம். அரை ஆம்பியரைத் தாண்டினால் ஏதோ ஒன்று சரியில்லை. உரசலும் இல்லை, சுருள்களும் ஒத்திருக்கின்றன, இருந்தும் மின்னோட்டம் கூடுதல் என்றால் காந்தம்தான். அளந்து முடித்ததும் மீட்டர் ஒயரை வோல்ட் துளைக்கு மாற்ற மறக்காதீர்கள். ஆம்பியர் துளையிலேயே விட்டு மின்னழுத்தத்தை அளக்கப்போனால் மீட்டரே ஷார்ட் ஆகும்.

தீர்வு இரண்டு. காந்தத்தை மறுபடி காந்தமூட்டலாம். அதற்கு மிக வலுவான மின்துடிப்பு தரும் கருவி வேண்டும், சாதாரண காந்தத்தால் தேய்ப்பதில் பயன் இல்லை. இல்லாவிட்டால் பழைய காந்தத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிறு நியோடிமியம் காந்தங்களை வைக்கலாம். 1980களில் வந்த இவை மிகச் சிறிய அளவிலேயே வலுவானவை. பழைய காந்தத்தைவிடச் சிறியதாக இருப்பதால் மிஞ்சும் இடத்தைக் காற்றாக விடாமல் மென்னிரும்புத் துண்டுகளால் நிரப்புங்கள். காந்தப்புலம் இரும்பில்தான் சிரமமின்றிப் போகும். அளவுக்கு மீறிய வலு இருந்தால் ஆர்மேச்சர் ஒவ்வொரு துருவத்திலும் ஒட்டி ஒட்டி நகரும், மெதுவான ஓட்டம் கெடும். சரியான அளவில் மின்னோட்டம் குறையும், உச்ச வேகம் சற்றுத் தணியும், இழுவை கூடும்.

வேலை முடிந்து இன்ஜின் தலைகீழ்த் திசையில் ஓடினால் பதற வேண்டாம். காந்தத்தின் வடக்கும் தெற்கும் மாறிவிட்டன. திருப்பி வையுங்கள்.

எண்ணெய், பேரிங், வோர்ம்

எண்ணெய் வைக்கும் இடங்கள் சில: மோட்டார் அச்சின் இரு பேரிங்குகளும், சக்கர அச்சுகளும், இணைப்புத்தண்டு ஊசிகளும். ஒவ்வொன்றுக்கும் ஊசி முனையில் தொங்கும் ஒரு துளியில் பாதி. பேரிங் அருகே கம்பளித் துண்டு இருந்தால் அது எண்ணெய் சேமிக்கும் பஞ்சு. அதை எறியாமல் கழுவி, இரண்டு துளி ஊட்டுங்கள். பல்சக்கரங்களுக்குக் கிரீஸ், அதுவும் பல்லின்மேல் மினுமினுப்பாகத் தெரியும் அளவுக்கு. கம்யூட்டேட்டருக்கு எதுவும் இல்லை. துருநீக்கும் தெளிப்பானை மோட்டாருக்குள் அடிப்பது பலரின் முதல் முயற்சி. சற்று நேரம் நன்றாக ஓடும், பிறகு கரித்தூளோடு குழைந்து பழைய பசையே திரும்பி வரும்.

மோட்டாரைச் சட்டத்தில் திரும்பப் பூட்டும்போது வோர்மும் பல்சக்கரமும் சந்திக்கும் ஆழம் முக்கியம். முதல் கோணல் முற்றும் கோணல். மிக இறுக்கமாக இருந்தால் உறுமும், மிகத் தளர்வாக இருந்தால் பல் நழுவித் தேயும். இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தாளை வைத்துச் சுழற்றினால் தாள் கிழியாமல், பல்லின் தடம் பதிந்து வெளியே வர வேண்டும். தேவைப்பட்டால் மோட்டாரின் அடியில் மெல்லிய தகடு வைத்து உயர்த்துங்கள். மோட்டார் சட்டகமோ தாங்கும் வார்ப்போ சொரசொரப்பாக உப்பி, விரிசல் விட்டிருந்தால் திருகை இறுக்காதீர்கள். ஈயம் கலந்த துத்தநாக வார்ப்பு உள்ளிருந்தே சிதையும் நோய் அது. எப்படிப் பூட்டினாலும் நேராக நிற்காது, இறுக்கினால் பொடியும்.

மாறுமின்னோட்ட இன்ஜின்கள்

கம்யூட்டேட்டர், பிரஷ், எண்ணெய் பற்றிச் சொன்னதெல்லாம் இவற்றுக்கும் பொருந்தும்; காந்தம் பற்றியது மட்டும் பொருந்தாது. இவற்றின் மோட்டார் டிசியிலும் சுழலும் என்பதால் பேட்டரிச் சோதனையும் செல்லும்; ஆனால் பிரஷ்களில் மட்டும் தொடாமல், காந்தத்தின் இடத்தில் இருக்கும் புலச்சுருள் வழியாகவும் மின்சாரம் போகும்படி இணைக்க வேண்டும். ஆனால் பேட்டரி முனைகளை மாற்றினாலும் திசை மாறாது. புலச்சுருளும் ஆர்மேச்சரும் சேர்ந்தே திசை மாறுவதால் விளைவு ஒன்றுதான். திசையை மாற்றுவது தனியான ஒரு ரிலே, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச். பழைய மெர்க்லின் இன்ஜின்களில் ஓட்டத்துக்கு 16 வோல்ட் வரை, திசை மாற்ற 24 வோல்ட் அளவில் ஒரு துடிப்பு. அப்போது ரிலேயின் நாக்கு புரளும். இன்ஜின் ஒரே திசையில் மட்டும் ஓடினால் ரிலேயின் தொடுமுனைகளைத் துடையுங்கள். துடிப்புக் கொடுக்கும்போது இன்ஜின் துள்ளிப் பாய்ந்தால், ரிலே புரளத் தாமதிக்கிறது. அதை இழுத்துப்பிடிக்கும் சிறு ஸ்பிரிங் சற்றே இறுகியிருக்கிறது. லயனல் இன்ஜின்களில் மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திக் கொடுத்தால் முன், நிற்றல், பின், நிற்றல் என்று மாறும். 'ஓடவில்லை' என்று வரும் லயனல் சில நேரம் நிற்றல் நிலையில் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஓட்டிப் பழக்குவது

புதிய பிரஷ் முதல் நாளிலேயே முழுப் பரப்போடு செம்பைத் தொடாது. சுமையின்றி அரை வேகத்தில் ஒவ்வொரு திசையிலும் அரை மணி நேரம் ஓட்டுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு, மேலே சொன்ன அளவுகளை மறுபடி எடுங்கள். பழக்கிய பிறகு உதிர்ந்த கரித்தூளைத் துடைத்து, கம்யூட்டேட்டரை ஒருமுறை ஆல்கஹாலால் சுத்தம் செய்யுங்கள்.

இதே இன்ஜினுக்கு டிசிசி டிகோடர் (டிஜிட்டல் கட்டளைகளைப் பெற்று மோட்டாரை ஓட்டும் சிறு மின்னணுச் சில்லு) பொருத்த எண்ணம் இருந்தால் இரண்டு சோதனைகளை இப்போதே முடித்துவிடலாம். ஒன்று, இரு பிரஷ்களும் சட்டத்தோடும் தண்டவாளத்தோடும் எந்த இணைப்பும் இல்லாமல் தனித்து நிற்கின்றனவா என்று மீட்டரில் பார்ப்பது. ஒன்று சட்டத்தைத் தொட்டாலும் டிகோடர் முதல் கணத்திலேயே கருகும். மற்றொன்று, 12 வோல்ட்டில் அச்சை விரலால் பிடித்து ஒரு வினாடி நிறுத்தி, அப்போது ஓடும் மின்னோட்டத்தைப் பார்ப்பது. பழைய மோட்டார்கள் நிறுத்தப்பட்ட நிலையில் 1 ஆம்பியரையும் தாண்டும். டிகோடரின் தாங்கும் அளவு அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

பெட்டியில் வைப்பதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள்: தேதி, துண்டுக்குத் துண்டு எத்தனை ஓம், மோட்டார் தனியே எத்தனை மில்லி ஆம்பியர், சட்டத்தில் பூட்டிய பிறகு எத்தனை, எந்த எண்ணெய், எந்தப் பிரஷ். அடுத்த முறை இன்ஜின் திணறும்போது எடுக்கும் அளவை இதனோடு ஒப்பிட்டால், எதைக் கழற்ற வேண்டும் என்பது ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.